நான்காம் நிரல்

கணினி மிக ஒழுங்காக விடை தந்தது:
பனிச்சமோட்டையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால்
இரணைமடு
நாலாயிரம் மில்லிமீற்றர் ஏறும்.
விளாத்திமுறிப்பில் ஒரு மில்லிமீற்றர் பெய்தால்
நாலாயிரத்து நானூற்றுச் சொச்சம் இறங்கும்.

அறிவியல்நகர். இரவு ஒன்றரை.
மழை பெய்யப் பெய்யக் குளம் வற்றும் ஒரு நாட்டை
மடியில் வைத்துக்கொண்டு
தேநீரை ஆறவிட்டேன்.

ஐந்து மழைமானிகள், ஐந்து நிரல்கள்.
ஒன்பது வருட நாட்கள் நிரைநிரையாய்.
தாயம் என்று பள்ளியில் படித்தோம் இதை,
சோழி உருட்டும் விளையாட்டின் பெயரில்.
உருட்டிப் பார்த்தேன்.
துணிகோவை பூச்சியத்துக்குக் கிட்ட வந்து
தொடாமல் நின்றது.
தொட்டிருந்தால், நேர்மாறே இல்லையென்று
இயந்திரம் கையை விரித்திருக்கும்.
தொடாததால்தான் பொய் சொன்னது.

இரண்டாம் நிரலால் நான்காம் நிரலை
நாள் நாளாய் வகுத்தேன்.
தசம் ஒன்பது. தசம் ஒன்பது.
பொங்கலன்று தூறியதற்கும் தசம் ஒன்பது.
புயல் வந்த கார்த்திகைக்கும் தசம் ஒன்பது.
அரைகுறையை முழுசாக்கிய சில்லறை வித்தியாசம்,
அதற்குள்தான் என் நாலாயிரம் முளைத்திருந்தது.

இரண்டு காவிகள், ஒரே திசை.
ஒன்று மற்றதின் நிழல்,
சற்றுக் குட்டை.

மாங்குளத்தில் இறங்கி
யாரோ ஒருவருடைய லாண்ட்மாஸ்ரரில் தொற்றி
விளாத்திமுறிப்புக்குப் போனேன்.
குறிப்பாளர் வேலும்மயிலும் வளவில்
கொங்கிறீற்றுப் பீடம் மட்டும் இருந்தது.
செப்பு உருளை?

"அது போய் எவ்வளவு காலம்.
முகாமிலையிருந்து திரும்பி வரேக்கையே இல்லை.
மூண்டு தரம் எழுதிக் கேட்டனான்.
படிவம் மட்டும் மாதாமாதம் வந்தது."

அப்ப இந்த எண்கள்?

அவர் வெட்கப்படவில்லை.
"பனிச்சமோட்டை மச்சானுக்கு ரெலிபோன் எடுப்பன்.
அங்கை பெய்தால் இஞ்சையும் பெய்யும், கொஞ்சம் குறைவாய்.
உருளை இருந்த காலத்திலை பாத்து வைச்ச கணக்கு.
பத்திலை ஒரு பங்கைக் கழிச்சால் சரி."

கோபத்தைப் பையில் வைத்துத்தான் கொண்டுபோயிருந்தேன்.
ஆனால் மனிதர் செய்தது என்ன?
என்னுடைய வேலையை.
சாரும் மாறி, சாரா மாறி, நடுவில் ஒரு குணகம்.
வழுவுக்கு மட்டும் இடம் விடவில்லை.
நான் விட்டிருப்பேன்:
சமன்பாட்டின் கடைசியில் ஒரு சின்ன எழுத்து,
தெரியாததெல்லாம் வந்து குந்தியிருக்க.

பின்னேரம் மூன்று மணி. சித்திரை.
ஒரு முழக்கம், பிறகு
தகரக் கூரையில் கல்லெறி போல மழை.
அவர் வழமைப்படி ரெலிபோனைக் காதில் வைத்தார்.
மச்சான் சொன்னது எனக்கும் கேட்டது:
"இஞ்சை நல்ல வெயில். நெல்லுக் காயுது."

வேலும்மயிலும் என்னைப் பார்த்தார்.
பூச்சியத்தை தசம் ஒன்பதால் பெருக்கிக்கொண்டு
கொட்டுகிற மழைக்குள் நின்றோம் இருவரும்.

பிறகு ஓடிப்போய்
பிஸ்கட் தகரம் ஒன்றைப் பீடத்தில் வைத்தார்,
சரியாமல் சுற்றிவர நாலு கல்.
ஓய்ந்ததும் அடிமட்டத்தை விட்டுப் பார்த்தேன்.
பதினேழு.
"பதினேழெண்டே போடவோ?"
"போடுங்கோ. பிந்தி வைச்சதெண்டும் எழுதுங்கோ."
அதற்கொரு கட்டம் படிவத்தில் இல்லை.
ஓரத்தில் சரித்து எழுதினார்.

ஆய்வேட்டில் ஒரு வரி வரும்:
நான்காம் நிரல் நீக்கப்பட்டது.
குணகங்கள் இனிப் பதறா.
ஒரு மில்லிமீற்றருக்கு நாலு, ஐந்து என்று
குளம் அடக்கமாய் ஏறும்.
விளாத்திமுறிப்பின் ஒன்பது வருடம்
வெறுமையாய்க் கிடக்கும், பூச்சியமாய் அல்ல.
அங்கே பெய்த மழையை
யாரும் அளக்கவில்லை, அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் பனிச்சமோட்டைச் சந்தி.
தார் றோட்டின் ஒரு பாதி முழுக்க நெல்.
காலால் கிளறிக்கொண்டு நின்ற பெண்
என் ஈரச் சட்டையைப் பார்த்துவிட்டு
வானத்தைப் பார்த்தாள்.